பதினாலாம் நம்பர் மலை

தேயிலை செத்துப் பதினொரு வருசம்.
மானாப்புல் ஆளுயரம்; உள்ளே பன்றித் தடம்.
கம்பெனிப் புத்தகத்தில் அதற்குப் பெயர்
'பயனற்ற நிலம்'.
நாங்கள் ஒன்பது பேர் வெட்டித் துப்புரவாக்கிய மறுவாரம்
'கம்பெனிக்குரிய நிலம்'.

கடிதம் ஒரு பக்கம்தான்.
ஓராண்டுக்குப் பயிர் செய்யலாம்.
வேலி கூடாது. கட்டடம் கூடாது.
நின்று காய்க்கும் மரம் கூடாது.

கரட் போட்டோம், தொண்ணூறு நாள்.
லீக்ஸ் கொஞ்சம் பிடிவாதம், இன்னும் ஒரு மாதம் கேட்கும்.
அதற்கு அப்பால் எங்கள் சங்கத்தில்
யாரும் பேசுவதில்லை.

லொறி விடியப்புறம் மூன்று மணிக்கு.
நூறு கிலோ ஏற்றினால் தொண்ணூறுக்குக் காசு,
பத்து கிலோ கழிவு.
கொழுந்து மடுவத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் வெட்டினார்களே,
அதே பத்து.

குளிர் அறை ஒன்று இருந்தால்
மூன்று நாள் பொறுத்து விற்கலாம் என்று
ஹட்டனுக்குப் போனோம், நல்ல சேலை கட்டிக்கொண்டு.
வங்கி முகாமையாளர் பிளேன்டீ கொடுத்தார்.
'உறுதி இருக்கா?' என்றார்.
'உறுதியாத்தான் இருக்கோம்' என்றாள் தெய்வானை.
அவர் சிரிக்கவில்லை.
அவளும் சிரிக்கச் சொல்லவில்லை.

மாசியில் ஜீப் வந்தது.
ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ், தனித்தனி உறுதி,
இதே மலையைத் துண்டு போட்டு.

பிள்ளைக்காம்பராவில் கூட்டம்.
'காகிதம் கையில வரட்டும், மத்ததைப் பிறகு பாப்போம்' என்றாள் யோகமலர்.
'காகிதத்தில யார் பேரு? ஒங்க வீட்டுக்காரரு பேருதானே?'
'ஏழு பேர்ச்சுக்கு எந்த லொறி நிக்கும்?'
'பத்து வருசமா லயத்துல ஒழுகுது, நீ லொறியப் பேசுற.'
இதற்கு யாரிடமும் பதில் இல்லை.
கை தூக்கச் சொன்னால்
நான்கு, நான்கு.
நான் செயலாளர், எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவில் மரியபுஷ்பம் மெல்லச் சொன்னாள்:
லீக்ஸ் பாத்திக்கு நடுவில்
பட்டர்புரூட் ஒட்டுக்கன்று ஒன்று நிற்கிறதாம்.
காய்க்க நாலு வருசம் ஆகும்.
வைத்தது யார்?
ஒன்பது முகமும் ஒன்பது பக்கம்.

'தொரை கண்டா கடிதம் போச்சு.
செயலாளர் போய்ப் பிடுங்கிடு.'

மறுநாள் முள்ளோடு போனேன்.
மூன்று வாரமாய் மழை இல்லை,
பீலியில்கூட நூல்போலத்தான் தண்ணீர்.
கன்றைச் சுற்றி மட்டும் மண் நனைந்திருந்தது.
ஒரு செருப்புத் தடம் அல்ல,
ஐந்தோ ஆறோ.

கொஞ்ச நேரம் நின்றேன்.
தேநீர்ப் போத்தலில் மிச்சம் இருந்ததை
ஊற்றிவிட்டு வந்து
கூட்டறிக்கையை முடித்தேன்:
பொருள் நான்கு. காணிப் பங்கீடு, அடுத்த கூட்டத்துக்கு.
பொருள் ஐந்து. உரக்கடைப் பாக்கி 4,350 ரூபாய்.
பொருள் ஆறு. நேரில் பார்த்தாயிற்று.
மரம் எதுவும் இல்லை.