காத்துச் செலவு

இருக்கிற லைன் செத்து மூணு நாள்.
பன்னெண்டு ஊசியும்
டிசைன் வராம அந்தரத்துல நிக்குது.

இந்தத் தடவ
வாங்கறதுக்கு முன்னாலயே
புகார் சொல்லிப் பாத்தேன்.

மொதல் கம்பெனில
ஒண்ண அழுத்து, நால அழுத்து,
அப்புறம் வீணை.
நிமிசத்துக்கு ரெண்டு ரூவாயாம் அந்த வீணை.

அடுத்ததுல ஒரு புள்ள.
அத்தன பணிவு.
"பல்லடம் எந்த ஸ்டேட் மேடம்?"

கேபிள்காரச் சென்னியப்பன்
மாசம் அறுவது எச்சாச் சொல்றான்.
கூப்பிட்டேன்.
"மிஸ்டு கால் போதுமுங்க்கா,
சித்தெ இருங்க,
கம்பத்து மேல இருக்கறனுங்."

போனுக்குள்ள ஆடிக் காத்து.
காத்துக்குள்ள
யாரு வீட்டுத் தறியோ
ஓடிக்கிட்டே இருந்துச்சு.

எறங்கி அவனே கூப்பிட்டான்.

கணக்கு நோட்டுல எழுதினேன்:
காத்துச் செலவு, அறுவது.