பத்து லட்சம் மாடுகள்

விசாரணைக்கு என்னை யாரும் அழைக்கவில்லை.
நான் எட்னா ஃபென்ஸம், பெட்ஃபோர்ட்காரி,
ஆகாயக் கப்பலுக்குக் குடல் சுரண்டியவள்.

சிகாகோவிலிருந்து பீப்பாய் பீப்பாயாய் வரும்
உப்பில் ஊறிய மாட்டுக்குடல்.
மூடியைத் திறந்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம்.
மழுங்கிய கத்தியால் கொழுப்பை வழித்து
அலசி, விரித்து, துணிமேல் ஒட்டினால்
வெங்காயத் தோல்போல் ஒரு சவ்வு.
ஒரு பைக்கு ஐம்பதாயிரம் மாடு.

சனிக்கிழமை நடனத்துக்கு
லாவண்டர் தேய்த்துக்கொண்டு போனேன்.
கையைப் பிடித்தவன் முகர்ந்துவிட்டு
தேநீர் வாங்கி வருகிறேன் என்றான்.
அந்தத் தேநீர் இன்னும் வரவில்லை.

வெளியே பார்த்தால் வெள்ளி மீன்.
உள்ளே என் மாடுகள்
ஹைட்ரஜனை மேய்ந்துகொண்டு.

ரூபன் ஸ்டான்பிரிட்ஜ் வருவான்,
விரல் நுனிகளில் ரத்தக் கீறல்.
'பைகள் சட்டத்தில் உரசுகின்றன, எட்னா.
நாலாயிரம் இடத்தில் துணி சுற்றிவிட்டோம்.'
நாலாயிரத்து ஒன்றாவது இடம் எங்கே என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

தூக்கும் பலம் போதவில்லை என்று
கப்பலை நடுவே அறுத்து
இன்னொரு பை செருகினார்கள்.
பிறகு கம்பளம் ஏற்றினார்கள்.
எகிப்தில் விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டது,
காற்றுக்கு அழைப்பிதழ் போகவில்லை.

அந்த இரவு மழை.
எழ முடியாமல், சுமை குறைக்க
வயிற்றுத் தண்ணீரை எங்கள் தலையில் கொட்டியது.
நனைந்துகொண்டே கைதட்டினோம்.

பொவே அருகே ஒரு மேடு.
முயலுக்குக் கண்ணி வைக்கப் போனவன் பார்த்தானாம்:
மூக்கு குனிந்தது, நிமிர்ந்தது,
மறுபடி குனிந்தது.
அவ்வளவுதான்.

திங்கள் காலை ஏழுக்குச் சங்கு ஊதியது.
நிறுத்தச் சொல்ல யாரும் வரவில்லை.
புதுப் பீப்பாய் ஒன்றைத் திறந்து
மதியம் வரை சுரண்டினோம்.

நாற்பத்தெட்டுப் பெட்டி, ஒரே குழி.
தான் தைத்த காலுறையின் ஒட்டுத்தையலைத் தேடி
ரூபன் மனைவி சவக்கிடங்கில் நடந்தாள்.
கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.
எலும்புக்கூட்டை ஷெஃபீல்ட் வியாபாரி எடைக்கு வாங்கினான்.

அறிக்கையில் முக்கால்வாசி வரி 'லாம்' என்று முடிந்தது.
முன்பை கிழிந்திருக்கலாம்,
வாயு கசிந்திருக்கலாம்,
காற்று அழுத்தியிருக்கலாம்.
அவசரப்பட்டிருக்கலாம் என்ற வரியை
இரண்டு முறை புரட்டித் தேடினேன்.
உப்புத் தின்றவர்கள் லண்டனில் இருந்தார்கள்.
தண்ணீர் குடித்தவர்கள் அந்தக் குழியில்.

மிஞ்சிய பீப்பாய்களை
ஒரு சாசேஜ்காரர் ஏலத்தில் எடுத்தார்.

டிசம்பரில் அக்கா வீட்டில் சாப்பாடு.
முள்கரண்டி பட்டதும் தோல் வெடித்து
ஆவி சீறியது.
தட்டைத் தள்ளினேன்.
பசியில்லையா என்றாள்.

சம்பளம் நின்று ஆறு வாரம்.
தட்டை இழுத்துக்கொண்டேன்.
உப்பு சரியாகத்தான் இருந்தது.