டச் மட்டும்

ரிச்சி தெருவில் என் மேஜைக்கு வரும்
பத்து போனில் நாலுக்கு இதே புகார்:
"டிஸ்ப்ளே பளிச்சுனு இருக்குண்ணே,
டச் மட்டும் வேலை செய்யல."
இன்று சிரித்துவிட்டேன்.
கொண்டு வந்த பையனுக்குப் புரியவில்லை.

பன்னிரண்டு டோஸ், அடையாறில்.
மூன்றாவது முடிந்த இரவு
ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டேன்.
ஷாக் என்று கையை உதறி
டெஸ்டர் எடுத்துவந்து நாலு மூலையும் வைத்துப் பார்த்தேன்.
ஃப்ரிட்ஜில் கசிவில்லை.
கசிவு என்னில்.

அது மே மாதம்.
ஊரே ஐஸ் மோருக்கு வரிசையில் நிற்க
நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோனேன்.
பச்சைத் தண்ணீர் இறங்கினால்
தொண்டையில் கண்ணாடித் தூள்.

பிறகு குளிர் போனது.
அதோடு சூடும் போனது.
சால்டரிங் அயர்ன் முந்நூற்றைம்பது டிகிரி.
முதலில் வாசனைதான் வந்தது.
பக்கத்துக் கடையில் என்னமோ கருகுது என்று
எட்டிப் பார்த்தேன்.
"அண்ணே, கை! கை!" என்று கத்தினான் இம்தியாஸ்.
என் நடுவிரல் அதன் பாட்டுக்கு
இரும்பின் மேல் சாய்ந்திருந்தது.

ஸ்கேன் சுத்தம்.
தெருவே ஸ்வீட் கேட்டது.
"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு,"
மாமனார் ஜெபம் செய்தார்.
உயிரைத் திருப்பி வாங்கியவன்
விரல் நுனியைக் கேட்டு நிற்பது நன்றிகெட்டதனம்.
அதனால் யாரிடமும் கேட்கவில்லை, டாக்டரைத் தவிர.
அவர் பேனாவை மூடி வைத்தார்.
"நரம்பு மெதுவாத்தான் தேறும்.
ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம்.
கொஞ்சம் அப்படியே நின்னுடவும் செய்யலாம்."
தண்ணீரில் விழுந்த போனைக் கொண்டு வருகிறவர்களிடம்
இருபது வருடமாக நான் சொல்வதும் அதுதான்:
திறந்து பார்க்கிறேன், கேரண்டி கிடையாது.
இதே குரலிலா சொல்லியிருப்பேன்?

சிந்தாதிரிப்பேட்டை ஸ்டேஷன் படியில்
ஓர் அம்மா மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.
"சார், உங்க செருப்பு."
குனிந்தேன். இடது கால் வெறுங்கால்.
வெயிலில் இளகிய தாரில்
எவ்வளவு தூரம் அப்படி வந்தேன் என்பது
அவருக்குத் தெரியும்.
எனக்குத் தெரியாது.
மறுநாள் ஷீபா
பள்ளிக்கூடப் பையன் மாதிரி
பின்பட்டை வைத்த செருப்பு வாங்கி வந்தாள்.

சட்டைப் பொத்தானும் அவள்தான்.
கல்யாணமான புதிதில் போட்டிருந்தால்
அது வேறு கதை.
இப்போது எட்டு இருபது ட்ரெயின் அவளுக்கு;
கழுத்துப் பொத்தானோடு
கொஞ்சம் தோலும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.
அது வலிக்கிறது.
சொல்வதில்லை, பிடித்திருக்கிறது.

"ஒண்ணும் தெரியலன்றீங்க,
அப்புறம் ராத்திரியில கால் எரியுதுன்றீங்க?"
நியாயமான கேள்வி.
டவர் கிடைக்காத இடத்தில் போனை வைத்துப் பார்,
சும்மா இருக்காது அது,
தேடித் தேடியே சூடாகும்,
காலையில் பேட்டரி இருக்காது என்றேன்.
அவள் விளக்கணைத்துவிட்டு
என் பாதத்தில் நகத்தால் ஏதோ எழுதினாள்.
"என்ன எழுதினேன்?"
என் பேர் என்றேன்.
இல்லையாம்.
என்னவென்று சொல்லவும் இல்லை.

கடுகை விடச் சின்ன ஸ்க்ரூக்கள் இப்போது இம்தியாஸ் கையில்.
நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து
இது நீளம், அது குட்டை,
மாற்றிப் போட்டால் போர்டு போச்சு என்று
வாயால் முடுக்குகிறேன்.
பையனின் போனுக்குப் புது டச் போட்டாயிற்று.
சோதனை மட்டும் நானே செய்வேன்.
திரை முழுக்கக் கட்டங்கள்,
விரல் போகிற கட்டம் பச்சையாக வேண்டும்.
இழுத்தேன்.
கண்ணாடி இருக்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை;
அதற்கு நான் இருப்பது தெரிந்தது.
ஓரம், மூலை, நடு,
ஒன்று விடாமல் பச்சை.

"ஆயிரத்து இருநூறு," என்றேன்.
பையன் நீட்டிய நோட்டுகளைப் பார்த்தே வாங்கி
எண்ணச் சொல்லி
இம்தியாஸிடம் கொடுத்தேன்.