இதர செலவுகள்

இராணுவ நீதிமன்றம் மூன்று நாள் கூடியது
தியத்தலாவையில், பழைய ஜிம்னாசியத்தில்.
பூப்பந்து வலையைக் கழற்றி மூலையில் சுருட்டிவிட்டு
மேசைக்குப் பச்சைத் துணி விரித்தார்கள்.
துணிக்குச் சலவைக் கூலி முந்நூற்றைம்பது.
என் மேசைக்கு வந்த முதல் பில் அது.

தீர்ப்பு எழுதுகிறவள் இல்லை நான்.
கொடுப்பனவுப் பிரிவில் சிவில் லிகிதர்,
ஹப்புத்தளையிலிருந்து காலை ரயிலில் வருகிறவள்.

கேணல் ஒருவர், மேஜர் இருவர், கப்டன் இருவர்.
சம்பளம் எப்படியும் ஓடும்; இது அதற்கு மேல்.
கொழும்பிலிருந்து வந்த சட்ட அதிகாரிக்கு
இரவு ரயிலில் படுக்கை,
விடுதி அறை, சுடுதண்ணீர் தனிக் கணக்கு.
சுருக்கெழுத்தாளருக்குப் பக்கத்துக்கு இவ்வளவு.
மொழிபெயர்ப்பாளருக்கு நாளுக்கு இவ்வளவு;
முதல் இரண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லை,
அதற்கும் அதே தொகை.

களவு போனது மூன்று கேன் டீசல்.
இரண்டையும் கல்குலேட்டரில் அடித்துப் பார்த்தேன்.
யாரோ வரும் சத்தம். அழித்துவிட்டேன்.

கோப்ரல் விஜேகோன்
தொப்பியும் இடுப்புப் பட்டியும் இல்லாமல் நின்றானாம்,
காற்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.
அவன் சம்பளத்தை நிறுத்திய தாள்
என் இனிஷலோடுதான் போனது.

சாட்சி செவனம்மா, கீழ்க்கணக்கு லயம்.
பெரட்டுக்குப் போகும் வழியில்
லொறியிலிருந்து கேன் இறங்கியதைப் பார்த்தவர்.
இரண்டு நாள் வெளி வாங்கில் உட்காரவைத்து
மூன்றாம் நாள் ஆறு நிமிடம் கேட்டார்கள்.

பிறகு என் ஜன்னலுக்கு வந்தார்.
"மூணு பேர் போச்சு நோனா."
மூன்று ஆட்கள் என்று அடுத்த மேசை நினைத்தது.
எனக்குத் தெரியும், என் அம்மாவும் கொழுந்தெடுத்தவள்.
வாசலில் நின்று மூன்று தரம் கத்திக் கூப்பிட்டது
அவர் பேரைத்தான்.
தோட்டத்துச் செக்றோலில் விழாமல் போனதும்
பேர்தான்.

அட்டவணையைப் புரட்டினேன்.
வைத்தியருக்கு ஒரு வரி இருக்கிறது,
கைரேகை நிபுணருக்கு ஒன்று,
ஓய்வுபெற்ற அதிகாரிக்கு இரண்டு.
கொழுந்து பறிக்கிறவருக்கு இல்லை.
பஸ் காசு தரலாம், டிக்கெட் இருந்தால்.
கீழ்க்கணக்கு பஸ்ஸில்
எந்தக் காலத்தில் டிக்கெட் கிழித்தார்கள்?

இதர செலவுகள், உபதலைப்பு: தேநீர்.
கன்டீன் கருணாதாசவிடம் பேசினேன்.
ஐம்பது ரூபாய்ப்படி அறுபது பிளேன்டீ.
மூவாயிரம்.

செவனம்மா எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு
"கையெழுத்து எங்க போட?" என்றார்.
போட இடமில்லை.
கருணாதாச ஏற்கெனவே போட்டிருந்தார்.

கோப்ரலுக்கு என்ன தீர்ப்பு, தெரியாது.
அதற்கு பில் எதுவும் வரவில்லை.

வந்தது கணக்காய்வுக் கேள்வி, சிவப்பு மையில்:
'வழமையான உபசரணைக்கு மேலாக
அறுபது கோப்பை. அருந்தியவர் யார்?'

பதினான்கு நாள் அவகாசம்.
'அந்த வாரம் முகாமில் பனி கடுமையாக இருந்தமையால்'
என்று தொடங்கியிருக்கிறேன்.