ஆரம்

மண்டியில் கேரட்டை இறக்கிவிட்டு
மேட்டுப்பாளையத்திலிருந்து காலியாய் ஏறும் லாரியின்
முன்சீட்டில் வரும் பால்சா பலகை,
போர்வை சுற்றி, கைக்குழந்தை மாதிரி.
"இத்தனை பெரிய பார்சல், எடையே இல்லை,
ஏமாத்திட்டாங்க உன்னை" என்பான் சிலுவைதாசன்
ஒவ்வொரு தடவையும்.

எங்கள் விமானத்துக்கு வயிறு கிடையாது.
பக்கத்திலிருந்து பார்த்தால் விமானம்,
மேலிருந்து பார்த்தால் அடிக்கோல்.
அரை அங்குலப் பலகையில் அறுத்தெடுத்த உருவம்.
மூக்கின் இருபுறமும் பிளைவுட் ஒட்டி
என்ஜினை ஒருக்களித்து
ஒரே கன்னத்தில் முடுக்கினேன், மூக்குத்திபோல.
தட்டை உடம்பு அதிரும்; அதிர்ந்தால்
டாங்கில் எரிபொருள் நுரைக்கும்.
டாங்குக்கடியில் பழைய செருப்பின் ஸ்பாஞ்ச்.

பகலெல்லாம் கடையில் செம்புக் கம்பி,
கேரட் கழுவும் மெஷின்களின் புகைந்த மோட்டார்கள்.
இறக்கையின் விலா எலும்புகள் ராத்திரியில்.
கேத்தி பாலாடாவின் ஈரத்தில் டோப் பூசினால்
தேமல் விழும் காகிதத்தில்.
ஜூலையில் தொடங்கி
வெயில் வந்த ஒன்பது நாளில் ஒன்பது பூச்சு.
உள் இறக்கை ஒரு விரல் நீளம் கூடுதல்.
வெளி இறக்கை நுனியில் இரண்டு ஐந்து ரூபாய்:
என்னை விட்டு விலகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் அது,
இல்லையென்றால் கம்பி தளரும்,
கம்பி தளர்ந்தால் கை வெறும் கை.

"எண்ணூறு ரூபாய்க்கு ரிமோட்டில் பறக்குதே" என்றார்
பம்ப்செட் கொண்டுவந்த பெள்ளி கவுடர்.
பில்லைப் போட்டுக் கொடுத்தேன்.

சமவெளியில் வீறிடும் என்ஜின்
இங்கே இரண்டு பேச்சுக்கு ஒரு மூச்சு வாங்கும்.
ஊசியைக் கால் சுற்று மூடினேன்.
விளக்கெண்ணெய்ப் புகை.
விரலில் பிளாஸ்திரியோடு சிலுவைதாசன்
வாலைப் பிடித்து மண்டியிட்டிருந்தான்.
தலையசைத்தேன். விட்டான்.

பதினெட்டு மீட்டர் கம்பி இரண்டு,
நடுவில் நான்.
சுற்ற ஆரம்பித்த மூன்றாம் விநாடியில்
விமானம் நின்றுவிடுகிறது.
அதன் பின்னால் ஓடுகின்றன
யூகலிப்டஸ் வரிசை, சர்ச், கோழிப்பண்ணைத் தகரம்,
வேலியோரம் சைக்கிளோடு ஒரு பையன்,
மறுபடி யூகலிப்டஸ்.
ஒரு லூப். இன்னொன்று.
கம்பிகள் முறுக்கிக்கொண்டும் வழுக்கிக் கேட்கின்றன என்னை.
தலைகீழாகப் புரட்டினேன்:
மலை எதிர்த்திசையில் ஓடியது,
மேல் என்பது கீழ்,
மணிக்கட்டு மட்டும் மறக்காமல் இருக்க வேண்டும்.

அப்போதுதான் ஏறியது மஞ்சு.
முதலில் பையனைக் காணோம். அப்புறம் சர்ச்.
அடுத்த சுற்றில் கம்பியின் பாதிக்கு மேல் எதுவும் இல்லை,
வெள்ளையிலிருந்து ஏதோ ஒன்று
என் தோளை இழுத்துக்கொண்டிருந்தது.

நிறுத்த முடியாது.
டாங்க் காலியாகும்வரை பறந்தே ஆக வேண்டும்,
இன்னும் இரண்டு நிமிடம், தலைகீழாக.

கண்ணை மூடிக்கொண்டேன், அதுதான் சுலபமாயிருந்தது.
இழுப்பு கனத்தால் அது தாழ்வு என்று வைத்துக்கொண்டேன்,
இலேசானால் உயரம்.
கைப்பிடியை முன்னால் சாய்த்தேன்.
சத்தம் தலைக்கு மேல் போனது,
ஒரு கணம் கம்பியில் யாருமில்லை,
நான் பின்வாங்கினேன் நான்கடி, ஐந்தடி,
பிடித்தது.

எத்தனை சுற்று, எண்ணவில்லை.
குரல் ஒரு சுரம் ஏறியது, கடைசிச் சொட்டுக்கு அப்படித்தான்.
பிறகு காற்றில் கம்பி அறுக்கும் சத்தம் மட்டும்.
பிறகு புல்.

"எங்கே?" என்று கத்தினான் சிலுவைதாசன்,
எந்தப் பக்கத்திலிருந்தோ.
எனக்கும் தெரியவில்லை.
கால் நிற்காமல் மைதானம் சாய்ந்துகொண்டிருந்தது.
கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு
கம்பியை விரலால் தடவிக்கொண்டே நடந்தேன்.
அதற்குள் அதில் வரிசையாய் நீர்மணிகள்.
தொடத் தொட உதிர்ந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனும் வந்திருந்தான்,
சக்கரம் உருண்ட தடத்தைப் பிடித்து.
வெளி இறக்கையின் நுனி சற்றே தேய்ந்திருந்தது.
வேறு சேதமில்லை.
ஒரு ஐந்து ரூபாய் மட்டும் குறைந்தது.
குனிந்து தேடினோம் புல்லில் இரண்டு பேரும்.
எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
தெரியாத மலை.