அடுக்காமல் வைக்க வேண்டியவை

ஒக்டோபரில் மூன்றாவது சனி.
விட்பி துறைமுகத்தில் கிரேன் படகைத் தூக்கிக்
கட்டைகளில் இருத்திய அன்று மாலை
என் வாசலில் நீ,
நீல மெத்தைகளுக்குப் பின்னால்
முகம் தெரியாமல்.

"ஒன்பது" என்றாய்.
எனக்குத் தெரியாதா.

பிரிவுப் பத்திரத்தில் எல்லாம் எழுதியிருந்தது.
கார், கடன், யதுராவின் கோடை விடுமுறை.
வீடு எனக்கு. படகு உனக்கு,
பழைய சொந்தக்காரன் வைத்த டோரின் என்ற பெயரோடு,
மாற்றினால் தரித்திரம் என்று நாம் விட்டுவைத்த பெயரோடு.
மெத்தைகளைப் பற்றி மட்டும்
எந்த வக்கீலும் யோசிக்கவில்லை.
படகிலேயே விட்டால் எலி ஃபோமைக் குடைந்து குட்டி போடும்.
உன் பேஸ்மென்டிலோ சுவரே வியர்க்கும்.
ஆகவே இது நான்காவது குளிர்காலம்.

தேநீர் நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
"டயர் மாத்தியாச்சா?"
"அடுத்த கிழமை."
படியிறங்கும்போது கைப்பிடி ஆடுவதைக் கவனித்தாய்.
ஒன்றும் சொல்லாமல் போனாய்.

உறைகளைக் கழற்றுகிறேன்.
நன்னீர் ஏரிதான், ஆனாலும்
ஜிப்பின் நாக்கில் பச்சை பிடித்திருக்கிறது.
மெழுகுதிரித் துண்டைத் தேய்த்துத் தேய்த்து இழுத்தால்
சூரியகாந்தி விதைத் தோல், ஒரு ஐந்து சதம்,
தொலைந்ததென்று யதுரா இரண்டு நாள் அழுத
பிளாஸ்டிக் குதிரை, மூன்று காலோடு.
டீசல் வாசனை. அதற்கும் அடியில்
போன வருடத்து மழை.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி.
கறுப்புப் புள்ளிகள் மங்கும், போகாது.
மூலையில் ஒரு கிண்ணம் அப்பச்சோடா.
பாலித்தீனில் சுற்றக் கூடாது.
ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கவே கூடாது.
விளிம்பில் நிறுத்தி, இரண்டுக்கு நடுவே
ஒரு கை நுழையும் இடைவெளி விட வேண்டும்.
இதில் உவமை தேடாதே.
ஃபோமைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஐந்தாவது மெத்தையில்
தையல் விட்டிருந்த இடம் மூடியிருக்கிறது.
புது நூல், ஒரு சொட்டுக் கூடுதல் நீலம்.
அரிசி அரிசியாய், ஒரே அளவில்.
உன் கை இல்லை. நீ பொத்தான் தைத்தால்
சட்டைப்பையும் சேர்ந்து தைபடும்.
உட்பக்கம் திருப்பிப் பார்த்தேன்.
முடிச்சு எங்கே என்றே தெரியவில்லை.
நல்ல கைக்காரி.
மற்றவற்றைப் போலவே அதையும் நிறுத்தி வைத்தேன்,
ஹீட்டருக்குக் கொஞ்சம் தள்ளி.

ஜனவரியில் உறைமழை பெய்து
தெரு முழுக்க மின்சாரம் போன இரவு
மூன்று மெத்தைகளைத் தரையில் போட்டேன்.
தலைப்பக்கம் அகன்று கால்பக்கம் ஒடுங்கும் இரண்டு,
நடுவே செருகும் முக்கோணம் ஒன்று.
எந்தக் கட்டிலுக்கும் பொருந்தாத வடிவம்,
ஒரே ஒரு படகின் மூக்குக்கென்று வெட்டியது.
குளிர்ச் சட்டையோடு படுத்தேன்.
அந்த ஒடுக்கத்தில்தான் நம் நான்கு பாதங்களும்
இடம் பிடிக்க இரவெல்லாம் மோதும்.
"உன்ர குதிக்கால் ஐஸ்" என்பாய்.
வேண்டுமென்றே இன்னும் ஒட்டுவேன்.
இன்றைக்கு முழு இடமும் எனக்கு.
நீட்டிய கால் பழக்கத்தில்
ஒரு பக்கமாய்த்தான் போய்க் கிடந்தது.

ஏப்ரலில் வருவாய்.
ஒன்பதும் எண்ணித் தருவேன்,
கொண்டு வந்ததைவிடப் பாரம் குறைவாய்.

ஐந்தாவதின் மறுமுனையிலும்
நூல் விடத் தொடங்கியிருக்கிறது.
பத்து நிமிட வேலை. ஊசி மேசையில்தான் கிடக்கிறது.
கடையில் நூற்கட்டைகளுக்கு முன்னால்
இரண்டு தரம் நின்றுவிட்டு வந்தேன்,
பழைய நீலமா,
அவளுடைய நீலமா என்று.