இருபக்கமும் நூற்று நாற்பது

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு படங்கள்.
காலை ஆறுக்குள் பையருக்குப் போயிருக்க வேண்டும்.
அகலம் ஆயிரத்து இருநூறு பிக்சல், பின்னணி வெள்ளை.
ஆள் தெரியக் கூடாது, விரல்கூட,
என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

காசு கட்டிய மென்பொருளின் கெடு
செவ்வாயோடு முடிந்துவிட்டது.
இலவசமாக ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தேன்.
முதலாளி ரங்கநாயகம் எட்டிப் பார்த்தார்.
"ஓசீன்னா அதுக்குள்ள என்னமோ இருக்குமப்பா."
இருந்தது.
உதவிப் பக்கத்தின் அடியில்
எழுதியவர்களின் பெயர்கள், பொடி எழுத்தில், ஒன்பது.
எங்கள் பி.என். ரோட்டில்
காஜா எடுக்க, பட்டன் வைக்க, பிசிறு வெட்ட
எல்லாவற்றுக்கும் பீஸ் ரேட் உண்டு.
இந்த ஒன்பது பேருக்கு
எந்தச் சனிக்கிழமை யார் சம்பளம் போட்டார்கள்?

முதலில் ஒரே ஒரு படத்தில் ஓட்டிப் பார்த்தேன்.
துணியையும் அப்படித்தான்.
ஒரு துண்டு வெட்டி, துவைத்து, காயவைத்து
நீளத்தில் எவ்வளவு போச்சு, அகலத்தில் எவ்வளவு போச்சு என்று
டேப் வைத்து அளந்த பிறகே கட்டிங்குக்கு விடுவோம்.
விகிதத்தைப் பூட்ட மறந்திருந்தேன்.
ஒரு வயதுக் குழந்தையின் பனியன்
தலையணை உறையாகப் பரந்து உட்கார்ந்தது.
பூட்டினேன்.
மூலப் படத்தின் மேலேயே எழுதவா என்ற கட்டத்தில்
டிக் இல்லை என்பதை மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.
சீல் வைத்த சாம்பிளை
எவனாவது துவைப்பானா?

ஸ்டாண்டு உடைந்துபோனதால் வந்த வினை.
செக்கிங் டேபிள் ஓரம், டியூப் லைட்டுக்குக் கீழே
வெள்ளை அட்டைக்குப் பின்னால் துளசிமணி உட்கார்ந்து
இருபக்கமும் கையை வெளியே சுற்றிக் கொண்டுவந்து
ஒவ்வொரு பீஸையும் இழுத்துப் பிடித்தாள்.
மூன்று நாள். ஒண்ணரை ஷிப்ட்.
கை வலிக்கிறதா என்று நான் கேட்டது
இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு தடவை.
அட்டை பதில் சொன்னது:
"நீங்க எடுங்க."

இடப்பக்கம் நூற்று நாற்பது.
வலப்பக்கம் நூற்று நாற்பது.
கைநுனியில் ஒரு விரல்கடைத் துணியும் சேர்ந்து போகும்,
போகட்டும்.
தொடங்கு.

பச்சைப் பட்டை ஊர்ந்தது.
இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.
பதின்மூன்று நிமிடத்தில்
மூவாயிரத்து எழுநூற்று இருபத்துநான்கு கைகள்
கழிந்திருந்தன.
இல்லை, ஒன்று குறைவு.
தொள்ளாயிரத்துப் பதினேழில்
அசந்திருக்கிறாள், கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிட்டது.
ஓரத்தில் ஒரு கட்டைவிரல்,
அதில் அழுக்கேறிய பிளாஸ்திரி.
எல்லாவற்றுக்கும் ஒரே அளவென்று வைத்தால்
எங்கேயாவது ஒன்று மிஞ்சத்தான் செய்யும்.
அதை மட்டும் தனியாகத் திறந்து
இன்னும் இருபது வெட்டினேன்.

ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தது.
ஓகே என்று இரண்டே எழுத்தில் பதில்.

எட்டரைக்கு ஷிப்ட் மணி அடிக்கும் முன்
துளசிமணி போனை நீட்டினாள்.
"கௌசிகாவுக்கு காலேஜ் அப்ளிகேசனுங்.
அம்பது கேபிக்குள்ள இருந்தாத்தான் ஏறுமாமா.
ஒண்ணே ஒண்ணுதானுங்க."

பிள்ளை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ரெட்டைச் சடை, எண்ணெய் வழித்து வாரியது.
பின்னால் வெள்ளைத் துணி,
ரிஜெக்‌ஷனில் போன ரோலாக இருக்கும்,
சுருக்கமில்லாமல் விறைப்பாக நின்றது.
அதன் இரண்டு விளிம்பிலும்
இரண்டு கை.
ஒன்றில் பிளாஸ்திரி.

அளவு தேட வேண்டியிருக்கவில்லை.
ராத்திரி வைத்த எண்கள்
பெட்டிக்குள் அப்படியே இருந்தன.

நாற்பத்தெட்டு கேபி.
திரையைக் கிட்டத்தில் வைத்து
ஓரம் ஓரமாகப் பார்த்தாள்,
பீஸில் கறை தேடுகிறவள் மாதிரி.
"கையி தெரியலீங்களே?"
"தெரியல."

பெரிய படம் என்னிடம் இருக்கிறது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
மணி அடித்துவிட்டது.